பள்ளக்காட்டுக்குப் பச்சை பூசியது நான்தான்

சேலத்தில் இறங்கியதும் எனக்கு முதலில் கிடைத்தது தட்டுவடை செட்டு. இரண்டாவதாகக் கிடைத்தது, மேட்டூர் அணை நிரம்பப் போகிறது என்ற செய்தி. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தவர் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா சேலத்துக்காரர். என்னைப் போலவே ஐம்பதை நெருங்குகிறவர். காவிரிக் கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை சொல்வதற்காக ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் தன்னார்வக் குழு ஒன்றின் அலுவலகம் அவர் வீட்டு மாடியில் இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்துக்காரி. அங்கே நாலு பேர் சேர்ந்து இணைய வரைபட மென்பொருள் செய்கிறோம். ஸ்டெல்லாவின் குழுவுக்கும் ஒன்று செய்து கொடுத்திருந்தோம். அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்ற எண்ணை அதில் போட்டால், தண்ணீர் ஏறக்கூடிய இடங்களை வரைபடத்தில் நீலமாகக் காட்டும். அந்த நீலத்துக்குள் இருக்கும் வீட்டுக் கைபேசிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் அழைப்பு போகும். அழைப்பில் பேசுவது என் குரல்.

இதைத் தொண்டர்களுக்குப் பழக்கிக் கொடுக்கத்தான் ஒரு வாரம் வந்தேன். தண்ணீர் வருகிற காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். விசா இழுத்தடித்ததில் தண்ணீரும் நானும் ஒன்றாக வந்து சேர்ந்தோம்.

தட்டுவடை செட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு சிறிய தட்டைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. வாயை முழுதாகத் திறந்து ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நாகரிகம் பார்த்துப் பாதி கடித்தால் மீதி மடியில் விழும். எனக்கு விழுந்தது. ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

“எல்லாம் நல்லா வேலை செய்யுதுக்கா. இந்த லிஸ்ட்ல மட்டும் கொஞ்சம் பேர் நிக்கிறாங்க. இவங்களுக்குக் கால் போகாதுன்னு காட்டுது.”

‘சரிபார்க்கவும்’ என்ற பட்டியல் அது. கொடுத்த இடப்பெயருக்கும் வரைபடத்துக்கும் பொருந்தாவிட்டால் மென்பொருள் அந்த எண்களை அதில் ஒதுக்கி வைக்கும். படிவம் நிரப்புகிறவர்கள் தப்பாக எழுதுவது எல்லா ஊரிலும் உள்ளதுதானே என்று நினைத்தேன். மூன்று வண்டி மாறி வந்த களைப்பு வேறு.

“அது எழுதினதில வந்த பிழையா இருக்கும். போறதுக்கு முதல் ஒருக்கா இருந்து பாப்பம்” என்றேன்.

அப்படிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறக்க விரும்பியும் மறக்க முடியாததால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை மாரப்பன் கார் கொண்டுவந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருடம் ரிக் வண்டி ஓட்டியவர். ரிக் என்றால் லாரியின் முதுகில் ஏற்றிய ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரம். அதை ஓட்டிக்கொண்டு இந்தியாவின் பாதியைச் சுற்றிவிட்டு, இப்போது வாடகைக் காரும் ஸ்டெல்லாவின் குழுவுக்கு ஊழியமும். காவிரிக் கரையில் வீடு வீடாகப் போய், பெயரையும் கைபேசி எண்ணையும் இடத்தையும் எழுதி வாங்கியது அவர்தான். அவர் எழுதி அனுப்பியதை நான் யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் ஏற்றினேன். ஒரு வருடம் அவர் கையெழுத்தோடு பழகியிருந்தேன், ஆளை இப்போதுதான் பார்த்தேன்.

“போலாமுங்களா மேடம்?”

“ஓம்.”

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். “சாப்புட்டீங்களா மேடம்?”

“ஓம்.”

“ஏனுங்க, எதக் கேட்டாலும் ஓம் ஓம்ங்கறீங்க. வண்டிய கோயில்ல நிறுத்தட்டுங்களா?”

எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம் என்று விளக்கினேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. வழியில் டீ குடிக்க நிறுத்திய கடையில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “மலையாளத்துக்காரங்களாட்ட இருக்குது” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். தமிழ் பேசும் நாட்டுக்கு வந்தும் இந்தக் கதி. மாரப்பன் மட்டும், “இல்லீங்க, ஓம் நாடு” என்று அவருக்குப் பதில் சொன்னார்.

நாமக்கல்லை நெருங்க நெருங்கச் சாலையில் லாரிகள் கூடின. பாதி கட்டி முடித்த லாரிக் கூடுகள் பட்டறை வாசல்களில் நின்றன. முட்டை அட்டைகள் ஏற்றிய வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் வெகுநேரம் போனது. மாரப்பன் அதை முந்தவில்லை. முட்டை வண்டியை முந்தி அது பிரேக் அடித்தால் பாவம் என்றார்.

“இந்த மேப்பையெல்லாம் உக்காந்த எடத்துலயே போட்டுருவீங்களா மேடம்?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நான் தொழிலுக்கு வந்தபோது வரைபடம் இணையத்தில் இல்லை என்றேன். கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றில் எனக்கு வேலை. களத்துக்குப் போகிறவர்கள் பென்சிலால் கீறிக் கொண்டுவரும் தாளை, அறையில் இருந்த ஒற்றைக் கணினியில் ஏற்றுவேன். கீறியவர் மேசைக்கு எதிரே நிற்பார். இந்தப் பனை இஞ்சாலப் பக்கம் என்று தாளில் விரலை வைத்துச் சொல்வார். ஒரு கோடு தள்ளிப் போனால் ஒருவருடைய கால் போகும் என்பதால், அவர் போன பிறகும் நான் இரண்டு தரம் பார்ப்பேன்.

பிறகு வரைபடம் இணையத்துக்கு வந்தது. ஆரம்பத்தில் அது வெறும் படம், நாலு பக்கமும் அம்புக்குறி. ஓர் அம்பை அழுத்தினால் திரை வெள்ளையாகிவிடும். போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பக்கத்து ஊர் வந்திருக்கும். அப்புறம் வரைபடத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி வைத்து, பார்க்கிறவருக்கு வேண்டியதை மட்டும் அனுப்பும் வித்தை வந்தது. விரலால் இழுத்தால் ஊர்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. அதன் பின் வானத்திலிருந்து எடுத்த படங்கள், அதன் பின் கைபேசி, அதன் பின் யாரும் எங்கிருந்தும் திருத்தலாம் என்ற பொது வரைபடம். காவிரியை ஒரு தடவைகூடப் பார்க்காமல், யாழ்ப்பாணத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு அதன் கரையை வரைந்தேன் என்று சொன்னபோது என் குரலில் பெருமை இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். இத்தனைக்கும் எங்கள் ஊரில் ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று, அதுவும் மழைக்கு மட்டும் ஓடுவது.

“நேர்ல பாக்காமயேங்களா?” என்று மாரப்பன் கேட்டார்.

“ஓம்.”

அவர் ரிக் ஓட்டிய காலத்தில் வரைபடமே இல்லாமல், எதிரே வரும் டிரைவரிடம் கேட்டு சிகரெட் அட்டையில் கோடு போட்டுக்கொண்டு ராஜஸ்தான் வரை போனதைச் சொன்னார். அட்டை நனைந்து போனதால் ஒருமுறை மூன்று நாள் வேறு ஊரில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்களாம்.

மோகனூர்ப் பக்கம் போனபோது என் வரைபடம் காட்டிய குறுக்குப் பாதையில் காரை விடச் சொன்னேன். மாரப்பன் வேண்டாமே என்றார். நான் பிடிவாதக்காரி. கார் போய் நின்ற இடத்தில் பாதை இல்லை, வாழைத்தோட்டத்தை ஒட்டி ஒரு வாய்க்கால் இருந்தது. வானத்துப் படத்தில் அதன் நிழலைப் பாதை என்று நான்தான் கீறியிருந்தேன். காரைத் திருப்ப இடமில்லாமல் வெகுதூரம் பின்னோக்கியே ஓட்டிவந்தார்.

மோகனூரில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் நின்று, முட்டைக் குழம்பும் சோறும் சாப்பிட்டு, தொண்டர்கள் பத்துப் பேருக்கு வகுப்பு எடுத்தேன். வகுப்புக்கு வெளியே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “அம்மா எங்க?” என்று ஒருத்தி கேட்க, “காட்டுக்குப் போயிருக்குது, பொழுதோடதான் வரும்” என்றாள் மற்றவள். காலையிலும் ஒருவர் காட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கேட்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் காட்டுக்குப் போவது என்றால் அது வேறு காரியம். இங்கே வீடுகளில் கழிப்பறை இல்லையோ, அதற்குப் பொழுது சாயும்வரையா என்று யோசித்தேன். ஆனால் வந்த இடத்தில் இதைப் போய் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமலும் ஸ்டெல்லாவின் அழைப்பு.

“அக்கா, மேட்டூர்ல உபரி நீர் திறப்பைக் கூட்டிட்டாங்க. நாம கணக்குப் போட்டதுலயே பெரிய எண். மதியத்துக்கெல்லாம் ஜேடர்பாளையத்துல ஏறும். பத்து மணிக்கு நான் இங்கருந்து பட்டனை அழுத்தறேன். நீங்க அங்க இருந்து, கால் வருதான்னு பாருங்க.”

பழக்கிக் கொடுக்க வந்தது நிஜமாகிவிட்டது. மாரப்பன் ஓட்டினார். நான் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு நீலத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஜேடர்பாளையத்துக்குப் போனால் தடுப்பணைக்குப் பக்கத்தில் ஆற்று மீன் வறுவல் வாங்கித் தருவதாக மாரப்பன் முதல்நாள் சொல்லியிருந்தார். இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பத்து மணிக்குக் கடைவீதி டீக்கடையில் நின்றோம். ஊருக்குள் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று ஆற்றுப் பக்கம் போகாதீர்கள் என்று அறிவித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் டீக்கடைக்காரரின் கைபேசி அடித்தது. பிறகு பெஞ்சில் இருந்தவருடையது. எதிரே காய்கறிக் கடையில், பக்கத்து மருந்துக் கடையில், மாடியில். தெரு முழுக்க என் குரல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்த நிமிடம் எனக்கு என்னையே மிகவும் பிடித்திருந்தது.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண்மணி மினிபஸ்ஸுக்காகக் காத்திருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் மருந்துக் கடைப் பை. கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய கைபேசியை எடுத்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், மாரப்பனிடம் வந்தார்.

“ஏந் தம்பி, நீங்கதான எங்க ஊட்டுக்கு வந்து நம்பர் எழுதிக்கிட்டது? எல்லாத்துக்கும் அடிக்குது, என்ற போனுக்கு வல்லீங்களே.”

மாரப்பன் அடையாளம் கண்டுகொண்டார். பாவாயி என்று எனக்குச் சொன்னார். நான் மடிக்கணினியில் பெயரைத் தேடினேன். அழைப்புப் பட்டியலில் இல்லை.

“எந்த ஊர் எண்டு எழுதிக் குடுத்தனீங்கள் அம்மா?”

“ஊர்ல இல்லீங்க சாமி, காட்டுலதான் குடியிருக்கறோம். பள்ளக்காடு.”

“காட்டுக்குள்ள வீடா? யானை ஒண்டும் வராதா?”

டீக்கடை சிரித்தது. மாரப்பன் மட்டும் சிரிக்கவில்லை. என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மேடம், நீங்க காடுன்னா என்னன்னு நெனச்சீங்க?”

“மரமெல்லாம் அடர்ந்து…”

“அது வனமுங்க. மலை மேல இருக்கறது. நாங்க வெதைக்கற நெலத்தத்தானுங்க காடுங்கறது. வெள்ளாமக் காடு. ஊடும் காட்டுக்குள்ளயேதான் கட்டிக்குவோம். பாதிச் சனம் காட்டுலதானுங்க இருக்குது.”

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மென்பொருளில் நான் எழுதிய ஒரு வரி எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இடப்பெயர் ‘காடு’ என்று முடிந்தால் அதை வனம் என்று எடுத்துக்கொள், பச்சை பூசு, வனத்தில் வீடு இருக்காது, அங்கே வீடு என்று யாராவது எழுதியிருந்தால் பிழை என்று ஒதுக்கு. வானத்துப் படத்திலும் ஒத்துப் பார்த்திருந்தேன். தென்னையும் வாழையும் கரும்புமாக அந்த இடமெல்லாம் பச்சையாகத்தான் தெரிந்தது. எங்கள் ஊருக்குத் தெற்கே வன்னியில் காடு என்றால் மரமடர்ந்த காடு. ஒரே மொழிதானே என்ற மிதப்பில் நான் யாரையும் கேட்கவில்லை.

‘சரிபார்க்கவும்’ பட்டியலைத் திறந்தேன். மேட்டுக்காடு. செம்மங்காடு. வாத்தியார்காடு. புளியமரத்துக்காடு. பள்ளக்காடு. எண்ணிப் பார்த்தால் பதினோரு காடு, எல்லாம் கரையோரம். வரைபடத்தில் நீலம் அந்தப் பச்சையை முழுதாக மூடியிருந்தது.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். “ஸ்டெல்லா, அந்த லிஸ்ட்.”

“எந்த லிஸ்ட்கா?”

“நான் பிறகு பாப்பம் எண்டு சொன்ன லிஸ்ட். அதில இருக்கிறது பிழை இல்லை. எல்லாம் வீடுகள். ஆக்கள் இருக்கினம். காடு எண்டா வனம் எண்டு நான் எழுதின வரிதான் பிழை.”

“நான் ஒண்ணொண்ணா என் போன்லயே கூப்பிடறேன். நீங்க அந்த வரியை எடுங்க” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாவாயி அம்மாவுக்கு எங்கள் பேச்சு பாதிதான் புரிந்தது. “வருசா வருசம் வர்ற தண்ணிதானுங்களே. வாய்க்காலோட நின்னுக்கும். இந்தத் தடவ ஊட்டுக்கு வருங்களா?”

“வரும் அம்மா. வீட்டுக்குள்ள வரும். வீட்டில ஆர் இருக்கினம்?”

மருந்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “என்ற ஊட்டுக்காரரு கட்டல்ல கெடக்கறாருங்க. ஒரு பக்கம் கையுங் காலும் வராது. தனியா இருக்கறாருங்க சாமி.”

மாரப்பன் அதற்குள் காரைக் கிளப்பியிருந்தார்.

முன்சீட்டில் பாவாயி அம்மா, பின்சீட்டில் நான். காரின் குலுக்கலில் அந்த ஒரு வரியை அழித்தேன். இனி மென்பொருள் எல்லாப் பெயர்களையும் திரும்ப வாசித்து, அழைப்புப் பட்டியலைப் புதிதாகக் கட்டி, விடுபட்டவர்களை அழைக்க வேண்டும். அதற்குத் திருத்தம் எங்கள் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். என் கைபேசியிலிருந்துதான் மடிக்கணினிக்கு இணையம். தென்னந்தோப்புக்குள் கார் நுழைந்ததும் சிக்னல் விழுந்தது. திரையில் கோடு பாதி தூரம் ஊர்ந்து நின்றுவிட்டது. பள்ளக்காட்டுக்கு வழி கேட்டால், பாதை இல்லை என்று என் வரைபடமே பதில் சொன்னது. வனத்துக்குள் பாதை எதற்கு என்று நான் அங்கே ஒன்றும் கீறவில்லை.

“அந்தப் பம்புசெட்டத் தாண்டி சோத்தாங்கைப் பக்கம் திருப்புங்க தம்பி. வேலியோட போங்க” என்று பாவாயி அம்மா வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

மண்பாதை ஓர் ஓடைக்கு முன் முடிந்தது. அதற்கு அப்பால் கொஞ்சம் தாழ்வில் மஞ்சள் வயலும், ஓட்டு வீடும். ஓடையில் தண்ணீர் ஆற்றுக்குப் போகாமல், ஆற்றிலிருந்து எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நான் ஓடும் தண்ணீரைப் பார்த்துப் பழகாதவள். எனக்கே அது சரியில்லை என்று தெரிந்தது.

ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த இன்னொரு பம்புசெட்டின் தொட்டி மேடையில் சிக்னல் இரண்டு கோடு காட்டியது. மடிக்கணினியையும் கைபேசியையும் அதன் மேல் திறந்தபடி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன். முழங்கால் வரை வந்தது. பாவாயி அம்மா எங்களுக்கு முன்னே போய்விட்டிருந்தார்.

வீட்டு வாசற்படியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். நல்ல கையில் ஒரு தடி. எலி ஓட்டுவதற்கு வைத்திருப்பதாம். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

“ஆரு, ஒறம்பரைங்களா? வாங்க சாமி, உக்காருங்க.”

தண்ணீர் அறைக்குள் மெதுவாக நுழைந்துகொண்டிருக்கும்போது அந்த மனிதர் விருந்தாளியை உபசரித்தார். மாரப்பன், “உக்கார நேரமில்லீங்க மாமா” என்று சொல்லியபடி கட்டிலின் தலைமாட்டைத் தூக்கினார். கால்மாட்டில் ஒரு பக்கம் பாவாயி அம்மா, மறு பக்கம் நான். இத்தனை வருடம் விசைப்பலகை தவிர வேறெதையும் தூக்காத கை. வாசலைத் தாண்டும்போதே தோள் இற்றுப்போகிற மாதிரி வலித்தது.

ஓடையின் நடுவில் தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது கைபேசி அடித்தது. பாவாயி அம்மா கட்டிலைத் தூக்குமுன் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கணவரின் தலையணையோரம் வைத்திருந்தார். அவர் நல்ல கையால் அதை எடுத்து, உறையோடு காதில் வைத்தார். அதன் சத்தம் எனக்கும் கேட்டது. மேடையில் விட்டுவந்த திருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. காவிரியில் வெள்ளம் அதிகரிக்கிறது, உங்கள் வீடு தண்ணீர் ஏறும் பகுதியில் இருக்கிறது, உடனே மேடான இடத்துக்குச் செல்லுங்கள் என்று என் குரல், ஒரு பதற்றமும் இல்லாமல், செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னது.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “ஆரோ ஒரு அம்மணி பேசுது. மேட்டுக்குப் போச் சொல்லுது” என்று எங்களுக்குச் சொன்னார். பிறகு கைபேசிக்குள், மரியாதையாக, “போய்ட்டுத்தானுங்க இருக்கறோம்” என்றார்.

கார் நின்ற கரை ஏறி, பம்புசெட் மேடையில் கட்டிலை இறக்கினோம். பாவாயி அம்மா கணவரின் காலைத் துடைத்துவிட்டார், மருந்துப் பை நனைந்துவிட்டதா என்று பார்த்தார். அப்போதுதான் வீட்டுப் பக்கமிருந்து ஆடு கத்தியது.

“அஞ்சையும் பட்டியில அடச்சுப்போட்டு வந்தனே” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் கம்பி வலை கட்டிய ஆட்டுப் பட்டி. கட்டிலைத் தூக்கப் போனபோது நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மாரப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் நெஞ்சுக்கு வந்து அவரைப் பக்கவாட்டில் இழுத்தது. பாவாயி அம்மாதான் கூப்பிட்டார். “வேண்டாஞ் சாமி. வந்துருங்க. ஆடு போனாப் போகுது, வந்துருங்க.”

அவர் திரும்பி வந்தார். நாங்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. மறுபக்கம் திரும்பி நின்று அழுதேன். பாவாயி அம்மா அழவில்லை.

மாலைக்குள் ஸ்டெல்லாவிடமிருந்து செய்தி வந்தது. மற்றப் பத்துக் காட்டிலும் எல்லோரும் மேடேறிவிட்டார்கள். சிலருக்கு அவர் அழைப்பு முதலில் போனது, சிலருக்கு என் குரல். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். “சாப்பிடுங்கக்கா முதல்ல” என்றார்.

புறப்படுவதற்கு முதல்நாள், தண்ணீர் வடிந்த பிறகு, பள்ளக்காட்டுக்குப் போக வேண்டும் என்றேன். மாரப்பன் காரை எடுத்தார். மஞ்சள் வயல் முழுக்கச் சேறு. வீட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு. கட்டில் வாசலில் வெயிலில் கிடந்தது. கணவர் உறவினர் வீட்டில் இருக்கிறாராம். பாவாயி அம்மா சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். பச்சை பூசியது நான்தான் என்று சொன்னேன். ஒரு வரி, ஒரு சொல் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப எங்க ஊடு அதுல இருக்குதுங்களா?” என்றார்.

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். பச்சை போய், பள்ளக்காடு விளைநிலத்தின் வெளிர்மஞ்சளில் இருந்தது. வீடு, மண்பாதை, ஓடை, பம்புசெட். இந்தத் தடவை எல்லாவற்றையும் மாரப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்திருந்தேன். பாவாயி அம்மா சேற்று விரலைத் திரையில் படாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எங்க பட்டி எங்கீங்க?”

இல்லை. அதை நான் வரையவில்லை.

எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனேன். கம்பி வலை மடங்கிச் சேற்றில் கிடந்தது. அதன் நடுவில் நின்றுகொண்டு, கைபேசி வரைபடத்தில் ‘நான் நிற்கும் இடத்தைக் குறி’ என்பதை அழுத்தினேன். இது என்ன என்று கேட்டது. ஆட்டுப் பட்டி என்று எழுதினேன். எத்தனை என்று அடுத்த கட்டம் கேட்டது. வெள்ளத்தில் காப்பாற்ற வேண்டிய உயிர்களை எண்ணுவதற்காக நான் வைத்த கட்டம் அது. என்ன போடுவது என்று தெரியாமல், பின்னாலேயே வந்து நின்ற பாவாயி அம்மாவிடம் திரையைக் காட்டி, எத்தனை ஆடு என்று கேட்கிறது என்றேன்.

“அஞ்சுன்னு போடுங்க சாமி” என்றார்.

ஐந்து என்று போட்டேன்.